தகரத்தைத் தட்டாதீங்க

சமஸ்தான ஆட்சி போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் மடியில் காலி மண்ணெண்ணெய்த் தகரம். பேசிக்கொண்டே அதில் தாளம் போட்டார்.

"தட்டாதீங்க மச்சான், மானு வந்துரும்," என்றார் பக்கத்தில் இருந்த காக்கிச் சட்டைக்காரர்.

"பஸ்ஸுக்குள்ளயா?"

காக்கிச் சட்டை சிரிக்கவில்லை. வெளியூர்ப் பணக்காரர்கள் சீசனுக்கு வந்து தங்கும் வேட்டை பங்களாவில் அவர் காவல்காரராம்.

"கோடையில காட்டுல பொட்டுத் தண்ணி இல்ல. மனசு கேக்கல. தொட்டிய நெரப்பி, கொஞ்சம் பருத்திக்கொட்டையும் வச்சுட்டுத் தகரத்தத் தட்டுவேன். போகப்போக, சத்தம் கேட்டாலே புள்ளிமானெல்லாம் ஓடியாந்துரும்."

"நல்ல காரியந்தானே மாப்புள?"

"மேனேஜரு பாத்துட்டாரு. மார்கழிக்கு அந்தப் பணக்காரங்க துப்பாக்கியோட வாராங்க. அவுங்க மாடியில நாக்காலி போட்டு ஒக்காந்துக்குவாங்களாம். நான் கீழ நின்னு தட்டணுமாம்."

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க."

"நான் வந்துட்டா வேற ஆளு தட்டுவான். யாரு தட்டுனாலும் அதுக வருமே."

மச்சான் தகரத்தைச் சத்தமில்லாமல் காலடியில் இறக்கினார்.

"கல்லெடுத்து வெரட்டிப் பாத்தீங்களா?"

"நேத்து அதயும் செஞ்சேன். ஒரு மானுக்குக் கால்ல பட்டுருச்சு. கொஞ்ச தூரம் ஓடுச்சு. நான் வீட்டுக்கு நடக்குறேன், நொண்டிக்கிட்டே எம் பின்னால வருது."