தூக்குச்சட்டிக்குள் ஒரு நிமிஷப் படம்

ஆரோக்கியம்மாள்: ...அதெல்லாம் கெடக்கட்டும் பொம்மையண்ணே. ஒரு பொம்பள பேசிக்கிட்டு இருக்கையிலே நடுவுல அணைக்கட்டு எப்படி வருது? அத மட்டும் சொல்லுங்க.

பொம்மையன்: எந்த அணைக்கட்டு?

ஆரோக்கியம்மாள்: மூணு நாளா ஓட்டுறீங்களே, பெரிய படத்துக்கு முன்னாடி. வேலைக்குப் போற பொம்பளைகளப் பத்தி மெட்ராஸ் அம்மா ஒண்ணு எடுத்த செய்திப்படம். ஒருத்தி முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து, "நான் புகையிலை குடோன்ல வேல பாத்தேன்"ங்குறா. அடுத்த வார்த்தைக்கு வாயத் தொறக்குறா. தபால்னு அணையிலேர்ந்து தண்ணி கொட்டுது.

பொம்மையன்: முதுகக் காட்டுறவ வாயத் தொறந்தது உனக்கெப்படித் தெரியும்?

ஆரோக்கியம்மாள்: தோள்பட்ட ஏறி எறங்குதுல்ல.

பொம்மையன்: ஏ தாயி, அந்த எடத்துல பிலிமு எரிஞ்சுபோச்சு. எரிஞ்சத எடுத்துட்டு மிச்சத்த ஒட்டிட்டேன். போதுமா? எறங்கு. ஆப்பரேட்டர் ரூமுக்குள்ள பொம்பளையாளு வரக்கூடாது.

ஆரோக்கியம்மாள்: செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே ஏழெட்டுப் பேரு, அவளுக யாரு?

பொம்மையன்: அவளுக நடிகைக.

ஆரோக்கியம்மாள்: அவளுக மட்டும் வரலாமாக்கும்?

பொம்மையன்: அவளுக பேச மாட்டாளுகள்ல!

ஆரோக்கியம்மாள்: எரிஞ்ச துண்டு எங்க?

பொம்மையன்: குப்பையில.

ஆரோக்கியம்மாள்: இந்தக் கொட்டகையில டிக்கெட்டுக் கிழிக்கிறதும் நான், குப்பை கூட்டுறதும் நான். என் கண்ணுல படலையே.

பொம்மையன்: காத்துல பறந்துருக்கும். போயி பொம்பள கேட்டத் தொறக்குற வழியப் பாரு.

ஆரோக்கியம்மாள்: இன்னும் அரை மணி கெடக்கு.

பொம்மையன்: ஊருல எவன் புள்ள செய்திப்படம் பாக்குறான்? அந்தப் பத்து நிமிசம், பீடி குடிக்கிறதுக்குன்னு சர்க்காரு குடுத்த நேரம். நீ ஒருத்திதான் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குற.

ஆரோக்கியம்மாள்: மொத நாளு ஒருத்தனும் பீடிக்கு எந்திரிக்கலையே! பொம்பள முதுகக் கண்டதும் அப்படியே உக்காந்துட்டானுக. "திரும்புடி, மூஞ்சியக் காட்டுடி"ன்னு ஆம்பளப் பக்கம் பூரா விசிலு. அவ என்னத்தச் சொல்ல வாரான்னு எவனாச்சும் காது குடுத்தானா?

பொம்மையன்: பொம்பளப் பக்கம் மட்டும் ரொம்ப யோக்கியமோ? நடுச்செவுத்துக்கு மேல மண்ண அள்ளி அள்ளி எறியுறாளுக. வடை தின்னுக்கிட்டு இருந்தவன் வாயெல்லாம் மண்ணு. வடை விக்கிற பீர் முகமது கண்ணக் கசக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து நியாயம் கேக்குறான். கேட்டுல நின்ன நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?

ஆரோக்கியம்மாள்: மண்ணு பத்தலன்னாளுக. வெளிய போயி ஒரு வாளி அள்ளிக்கிட்டு வந்தேன்.

பொம்மையன்: அடிப்பாவி!

ஆரோக்கியம்மாள்: அந்தக் கூச்சலுலதான உங்க மிசினு நின்னுச்சு? "சத்தம் போட்டேன், ரோட்டுல ஒரு சைக்கிளு..."ன்னா. பொசுக்குன்னு இருட்டு. செத்த நேரங்கழிச்சு அணைக்கட்டு. மறுநாளுலேர்ந்து அந்தச் சைக்கிளும் இல்ல, சத்தமும் இல்ல.

பொம்மையன்: மிசினுக்கு வெளிச்சம் குடுக்குற கார்பன் குச்சி தீந்துபோச்சு அன்னைக்கு. சும்மா நோண்டாத.

ஆரோக்கியம்மாள்: சரி, நோண்டல. சாப்டீங்களா?

பொம்மையன்: இனிமேத்தான்.

ஆரோக்கியம்மாள்: தூக்குச்சட்டியில என்ன?

பொம்மையன்: கஞ்சி. வெஞ்சனத்துக்குக் கருவாடு. ஏன்... ஏ, அதத் தொடாத! ஆரோக்கியம்! சொன்னாக் கேளு!

ஆரோக்கியம்மாள்: கருவாடு நல்லாச் சுருண்டுருக்கே அண்ணே. ஓரம் பூரா ஓட்ட ஓட்டையா வேற இருக்கு. எரிஞ்ச வாடையவே காணோம். கத்திரி வச்சு வெட்டுனதுல்ல இது?

பொம்மையன்: ஆமா, வெட்டுனேன். உனக்காகத்தான் வெட்டுனேன்.

ஆரோக்கியம்மாள்: எனக்காகவா? எனக்கென்ன வந்துச்சு?

பொம்மையன்: நடிக்காத. நான் அந்தக் கொண்டையப் பாத்தேன். ஊசி இருக்க வேண்டிய எடத்துல டிக்கெட்டு எழுதுற பென்சிலு சொருகியிருக்கு. பேகம்பூர்லேர்ந்து ஆயக்குடி வரைக்கும் தேடுனாலும் அப்படிச் சொருகுறவ நீ ஒருத்திதான்.

ஆரோக்கியம்மாள்: அந்த மெட்ராஸ் அம்மா அம்புட்டும் சொல்லிக் குடுத்துச்சு. பேரு சொல்லாத, ஊரு சொல்லாத, திரும்பி உக்காருன்னு. படிச்ச அம்மா... பென்சில எடுன்னு சொல்லத் தோணலையே அதுக்கு!

பொம்மையன்: நான் கண்டுபுடிச்சா ஊரு கண்டுபுடிக்காதா? நாளைக்குக் கேட்டுல நிக்க முடியுமா உன்னால? ஒவ்வொருத்தனா வந்து நின்னு இளிப்பான். ஒரு அண்ணன் ஸ்தானத்துல இருந்து ரோசன பண்ணித்தான்...

ஆரோக்கியம்மாள்: இளிக்கட்டும். கேட்டச் சாத்துற கட்டை எங்கையிலதான இருக்கு. இப்ப இத ஒட்டுங்க.

பொம்மையன்: நாளைக்குக் காலம்பர படப்பொட்டி ஒட்டன்சத்திரம் போகப் போகுது. கடைசி நாளு எதுக்கு வம்பு?

ஆரோக்கியம்மாள்: கடைசி நாளுங்குறதுனாலதான் ஒட்டச் சொல்றேன். குடோன் பொம்பளைக முப்பது பேரு வாராக. நாந்தான் அங்க வேல பாக்குற சைதூன் அக்காகிட்டச் சொல்லி வரச் சொன்னேன்.

பொம்மையன்: எதுக்கு?

ஆரோக்கியம்மாள்: அந்தக் குடோன் மேஸ்திரி இன்னும் அங்கதான் இருக்கான் அண்ணே. பொழுது சாஞ்சா, "நீ மட்டும் நில்லு, புகையிலைச் சிப்பம் கட்டணும்"ங்குறான். என்னைய நிக்கச் சொன்ன மாதிரியே. இப்பச் சைதூன் அக்கா மகள நிக்கச் சொல்றானாம். பதினாறு வயசு. புள்ளைய நல்லாப் பாத்துக்குறாருன்னு அக்கா பெருமையா எங்கிட்டயே சொல்லுது.

பொம்மையன்: அத நீயே அவுககிட்டச் சொன்னா என்ன?

ஆரோக்கியம்மாள்: சொல்லாம இருந்தேனா? அம்பத்தேழுல, அது நடந்த மறுநாளே சொன்னேன். "நீ ஏன்டி சிரிச்சுப் பேசுன?"ன்னு கேட்டாளுக. கிழிஞ்ச ரவிக்கையக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், சிரிச்சியான்னு கேக்குறாளுக! நேருல சொன்னா நம்ப மாட்டாளுக. திரையில பாம்பு வந்ததுக்குச் சூடம் காட்டுனவளுக... படத்துல சொன்னாத்தான் நம்புவாளுக.

பொம்மையன்: அதுல... எம்புட்டு சொல்லியிருக்க?

ஆரோக்கியம்மாள்: நடந்தது அம்புட்டும்.

பொம்மையன்: மேஸ்திரி பேரு?

ஆரோக்கியம்மாள்: சொல்லல. அவளுகளுக்குப் புரியும்.

பொம்மையன்: அந்த... சைக்கிள்காரன் பேரு?

ஆரோக்கியம்மாள்: மேஸ்திரி பேரக் கேட்டீங்க, சரி. சைக்கிள்காரன் பேரு உங்களுக்கு எதுக்கு?

பொம்மையன்: சும்மாதான் கேட்டேன்.

ஆரோக்கியம்மாள்: வேத்து ஊத்துது உங்களுக்கு.

பொம்மையன்: மிசின் சூடு.

ஆரோக்கியம்மாள்: மிசினே இன்னும் போடலையே. துண்டு இந்தா இருக்கு. தொடைங்க.

பொம்மையன்: ஆரோக்கியம்... அப்பல்லாம் ரெண்டு கொட்டகைக்கும் ஒரே படப்பொட்டி, அங்க ஓடி முடிஞ்ச ரீல நான்தான் சைக்கிள்ல இங்க கொண்டு வரணும். அன்னைக்கு ஆறாவது ரீலு என் கேரியர்ல இருக்கு. இங்க ஜனம் கத்திக்கிட்டு இருக்கு. செத்த தாமதமானா திரையில கல்லெறிவானுக... குடோன் பக்கத்துல உன் சத்தம் கேட்டு நின்னேன். எறங்கணும்னுதான் நின்னேன். மணி அடிச்சா அவன் ஓடிருவான்னு நெனச்சு...

ஆரோக்கியம்மாள்: ரெண்டு தடவ.

பொம்மையன்: ரெண்டு தடவ அடிச்சேன். அவன் ஓடல... நான்தான் ஓடிட்டேன். மொதலாளி ராவுத்தர்கிட்டச் சொல்லி இந்த வேலைய உனக்கு வாங்கிக் குடுத்ததே நான்தான். அந்த உறுத்தலுலதான். உனக்குத் தெரியாது.

ஆரோக்கியம்மாள்: அதுல உங்க பேரு இல்ல. மணிச் சத்தத்தத்தான் சொல்லியிருக்கேன். மூடி வெடிச்ச சைக்கிள் மணி, ஓட்டச் சட்டியில கரண்டியால தட்டுன மாதிரி அடிச்சுச்சுன்னு. இந்த ஊருல அப்படி ஒரு மணிதான் இருக்கு. வேலைக்கு வந்த மொத நாளே கேட்டு வாசல்ல அத அடிச்சீங்க. வெலகச் சொல்லி.

பொம்மையன்: மொத நாளேவா? நாலு வருசமா தெரியுமா உனக்கு? தெரிஞ்சுமா என்னைய வாய் நெறைய அண்ணே அண்ணேன்னு கூப்புட்ட?

ஆரோக்கியம்மாள்: அப்படிக் கூப்புட்டாவாச்சும் ஒரு நாளு நீயா வந்து சொல்லுவியான்னு பாத்தேன். நீ கத்திரியத் தூக்கிட்ட. ஒட்டு பொம்மையா... நான் போயி கேட்டத் தொறக்குறேன்.