கை தூக்கினாத்தான் சிரிப்பு

அப்படி இல்லம்மா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கக் கூடாது. கேமராவுல பாத்தா அழுற மாதிரி இருக்கும். பல்லு தெரியணும், தோள்பட்டை குலுங்கணும். எங்க, இன்னொரு தரம். ம்... பரவால்ல, முதல் நாளுக்கு இது போதும். வரலைன்னா பக்கத்து வீட்டுக்காரி வழுக்கி விழுந்தத நினைச்சுக்கோங்க, தானா வரும்.

நீங்க லேட்டா வந்ததால உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்ல வேண்டியிருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் வாசல்லயே நிக்க வெச்சுச் சொல்லிட்டேன். புதுசா வர்றவங்கள எப்பவும் என் பக்கத்துலதான் உக்கார வெப்பேன், பாத்துப் பாத்துப் பழகிக்குவாங்க. இங்க நடக்குறது டிவிக்கு நகைச்சுவைப் போட்டி. ஒவ்வொருத்தனா வந்து மேடையில நின்னு பேசுவான். அவனப் பாக்காதீங்க. என் வலது கையப் பாருங்க. கை முழங்கால விட்டு மேல வந்தா சிரிக்கணும். நெஞ்சு வரைக்கும் வந்தா கைதட்டணும். மடியில வெச்சுட்டேன்னா வாயை மூடிக்கணும். அவ்வளவுதான் வேலை. நடுவுல ஒரு டீ, ஒரு பன்னு. போகும்போது கூலிய நான்தான் குடுப்பேன், நாளைக்கு யாரு வரணும்னும் நான்தான் சொல்லுவேன்.

ஜோக்கா? அது புரியணும்னு அவசியமே இல்லம்மா. புரிஞ்சுக்கிட்டுச் சிரிக்கப் போனா லேட்டாயிடும்.

சால்வை கொண்டு வரலையா? நாளைக்குக் கொண்டு வாங்க. மேடையில லைட்டு சூட்டுல அவங்களுக்கு வேர்த்து ஊத்தும், நாம இந்தப் பக்கம் ஏசியில விறைச்சுப்போயி உக்காந்து சிரிக்கணும். முதல் வரிசையில குண்டா ஒரு அக்கா இருக்காங்களே, அவங்களுக்குக் குக்கர்னு பேரு. மூணு விசில் விட்டுத்தான் அடங்குவாங்க. டைரக்டருக்கு அவங்கன்னா உசுரு. அவங்க பின்னாடி தலை தொங்குறவன் பேரு கொட்டாவி. தூங்கிக்கிட்டே சிரிப்பான், பாவம், ராத்திரி வாட்ச்மேன் வேலை. அந்த ஓரத்துல மஞ்சச் சட்டை போட்டவரப் பாருங்க. எங்கேயோ பாத்த மூஞ்சி மாதிரி இருக்கா? இருக்கும். முந்தி இதே மேடையில ரெண்டாவதா வந்தவரு. சுவரெல்லாம் அவரு போஸ்டர்தான் ஒட்டியிருந்துச்சு. இப்ப என்கிட்ட கூலிக்குச் சிரிக்கிறாரு. அதையும் ஒழுங்காச் செய்ய மாட்டேங்கிறாரு. அடுத்தவன் பேசும்போது அவரு உதடும் கூடவே அசையுது. ரெண்டு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை அசைஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவேன்.

இந்தா, ஆள் வந்தாச்சு. கையப் பாருங்க. ம்... சிரிங்க. இன்னும். இன்னும். தட்டுங்க. போதும், விடுங்க.

பாத்தீங்களா, எவ்வளவு சுலபம். அவன் என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. மாமியாரப் பத்தி ஏதோ. அவனப் பாருங்க, நெஞ்ச நிமித்திக்கிட்டு இறங்கிப் போறான். நிஜமாவே சிரிச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான். அவங்க அம்மா திருஷ்டி வேற கழிப்பா.

இனி ஒரே ஆளுதான் பாக்கி. அதுக்கு முன்னாடி லைட்டு மாத்துவாங்க, கொஞ்ச நேரமாகும். ஆனா கேட்டுக்கோங்க, இத மத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். அந்தக் கடைசி ஆளுக்குச் சட்டம் வேற. அவனுக்கு நான் கையத் தூக்க மாட்டேன். அவனுக்கு யாரும் சிரிக்கக் கூடாது. புன்னகைகூட வேணாம். எவனாவது பல்லக் காட்டினான்னா நாளையில இருந்து அவனுக்கு இங்க நாற்காலி கிடையாது. ஏன்னா? மேலிடத்து உத்தரவுன்னு வெச்சுக்கோங்களேன். வந்த முதல் நாளே ஏன் எதுக்குன்னு கேட்டா எப்படி?

சரி, கோச்சுக்காதீங்க. பிள்ளைங்க இருக்கா உங்களுக்கு? ஒரே பொண்ணா. என்ன படிக்கிறா? படிப்ப விட்டுட்டாளா. என்ன செய்யப் போறாளாம்?

பச்சை குத்தப் போறாளா? ஊசி வெச்சு, மத்தவன் தோள்ல, முதுகுலயா? அட கடவுளே. அதுக்கு ஒரு கடை வேற வெக்கணுமாமா? அதான் உங்க மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு. நீங்க என்ன செஞ்சீங்க? அடிச்சீங்களா? ரூம்ல போட்டுப் பூட்டுனீங்களா?

தப்பும்மா. பெரிய தப்பு. அடியாத மாடு படியாதுன்னு அந்தக் காலத்துல சொல்லி வெச்சுட்டாங்க. அடிச்ச மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிரும், அத யாரும் சொல்லல. எதிர்த்து நின்னீங்கன்னா அவளுக்குப் பிடிவாதம்தான் வளரும். நீங்க அவ பக்கம் போயி நிக்கணும். சரிம்மா, உன் இஷ்டம், பச்சை குத்துன்னு சொல்லுங்க. சந்தோஷமாச் சொல்லணும், மூக்கால அழுதுக்கிட்டுச் சொல்லக் கூடாது. முதல்ல எனக்குக் குத்துடின்னு உங்க கைய நீட்டுங்க. குத்துவா. பெத்தவ கையில குத்துறதுன்னா அவளுக்கு ஊசி நேரா ஓடாது, கோணல்மாணலாத்தான் வரும். நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. அப்புறம் வீட்டுக்கு யாரு வந்தாலும், அத்தை வந்தாலும் மாமா வந்தாலும், கைய நீட்டிக் காட்டுங்க. எங்க பொண்ணு குத்துனதுன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. பாக்குறவன் மூஞ்சியே மீதியப் பேசிரும். ரெண்டு மாசம் தாங்க மாட்டா. ஊசியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, நீங்க சொல்ற வேலைக்குப் போயிருவா. உங்க மேல கோவமும் இருக்காது. அம்மாதான் கைய நீட்டுனாளேன்னு கடைசி வரைக்கும் நன்றியோட இருப்பா.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நல்லதுக்குத்தான சொல்றேன்.

எனக்கும் ஒரு பையன் இருக்கான். ஒத்தப் பிள்ளை. என் மச்சான் டைல்ஸ் கடை வெச்சிருக்காரு, பெரிய கடை. கல்லாவுல உக்கார நம்பிக்கையான ஆள் வேணும்னு இவனுக்காக ஒரு நாற்காலிய இன்னும் காலியா வெச்சிருக்காரு. நிழல்ல உக்காந்து செய்யிற வேலை. பொண்ணு குடுக்க நான் நீன்னு வருவாங்க. இவன் என்ன சொல்றான் தெரியுமா? நான் நாலு பேரச் சிரிக்க வெக்கப் போறேங்கிறான். அதுதான் தொழிலாம். அதையும் யாருகிட்ட வந்து சொல்றான் பாருங்க. சிரிப்பு எங்க விக்குது, என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு தெரிஞ்ச ஒரே மனுஷன்கிட்ட வந்து சொல்றான்.

எங்க இருந்து வந்துச்சா இந்தப் புத்தி? எனக்கென்ன தெரியும். எங்க வம்சத்துலயே கிடையாது. நான் அச்சாபீஸ்ல இருந்தவன். அத இழுத்து மூடுனப்ப சும்மா ஒரு நாள் கூலிக்கு இங்க வந்து உக்காந்தேன். என் சிரிப்பு ஒரு தினுசும்மா, அடிவயித்துல இருந்து ஏறி வரும். நான் சிரிச்சா சுத்தி இருக்கிறவன் காரணம் கேக்காமச் சிரிப்பான். டைரக்டர் பாத்துட்டு, அந்த வழுக்கைத் தலையரத் தினம் கூட்டிட்டு வாங்கன்னாரு. அன்னையில இருந்து இந்தச் சிரிப்புதான் எங்க வீட்டுல அடுப்பெரிக்குது. இந்த ரூம்ல இருக்கிற அத்தனை பேரும் நான் சேத்த ஆளுங்கதான்.

ஆனா வீட்டுல சிரிக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் சிரிக்கிற மனுஷன் வீட்டுல சிரிச்சா பல்லு கொட்டிருமான்னு வீட்டுக்காரி கேப்பா. நாள் பூரா சிரிச்சுட்டு வந்தவனுக்கு ஒரு வாய் சோறு மெல்லவே தாடை வராது, அது அவளுக்கு எங்க புரியுது. பையன் சின்ன வயசுல, நான் செருப்பக் கழட்டுறதுக்குள்ள வந்து முன்னாடி நிப்பான். வடிதட்டத் தலையில கவுத்துக்கிட்டுப் போலீஸ்காரன் மாதிரி நடப்பான். ஊசி போடுற டாக்டர் மாதிரி பேசிக் காட்டுவான். வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பா. அவளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். வெச்ச கண்ணு வாங்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பான். நான் உம்முன்னு செய்தி பாத்துக்கிட்டு இருப்பேன். மறுநாள் வேற ஒண்ணு கொண்டு வருவான். அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. தினம் இப்படிப் பழகிப் பழகித்தான் அவனுக்கு இந்தக் கிறுக்கே பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். வீட்டுக்காரிதான் காரணம். அவ சிரிச்சிருக்கக் கூடாது.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.

என்ன, மறுபடியும் அந்தக் கடைசி ஆளா? விட மாட்டீங்க போல இருக்கே. மேலிடம் யாருன்னா... இங்க மேலிடம் நான்தான்மா. டைரக்டருக்கு இது தெரியாது. அவருக்கு என்ன போச்சு, டிவியில வரும்போது வேற சிரிப்ப எடுத்து ஒட்டிக்குவாரு. ஆனா அதோ, அந்த மூணு சோபாவுல உக்காந்திருக்காங்களே நடுவருங்க, அவங்க காதுக்கு ரூம்ல கேக்குறதுதான் கணக்கு. ரூம் செத்துப்போச்சுன்னா ஆளும் செத்தான்.

போன சுத்துல நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவன் வந்தான், மைக்கப் பிடிச்சான், பேச ஆரம்பிச்சான். என் கை மடியிலதான் இருக்கு. நான் இன்னும் தூக்கவே இல்ல. சிரிச்சுட்டாங்க. குக்கர் நாலாவது விசில் விடுது. கொட்டாவி முழிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். மஞ்சச் சட்டை கண்ணத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. கேமராக்காரன் சிரிச்ச சிரிப்புல படமே ஆடிப்போயி, இன்னொரு தடவை எடுத்தாங்க. அப்பவும் சிரிச்சாங்க. நான் கைய வெச்சுக்கிட்டு மரம் மாதிரி உக்காந்திருக்கேன். ஒருத்தர்கூட என் கையப் பாக்கல. இத்தனை வருஷத்துல, இந்த ரூம்ல, ஒருத்தர்கூட என் கையப் பாக்கலம்மா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, அவங்க அம்மாகிட்டச் சொல்லிச் சொல்லிக் குதிக்கிறான். அம்மா, அப்பா கை தூக்காமலே சிரிச்சாங்கம்மா, அப்பா கை தூக்காமலேன்னு.

ஆமா. அவன்தான். அதுக்கு ஏன் இப்படி எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. கேமரா ஓடப் போகுது. மெதுவாப் பேசுங்க, நான் அவன் அப்பன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேத்துத் துரத்தி விட்டுருவாங்க.

நான் ஒண்ணும் அவனத் தடுக்கலையே. உங்கள மாதிரி அடிச்சேனா, பூட்டி வெச்சேனா? நேத்து சாயந்தரம் அவனே வந்து பக்கத்துல உக்காந்தான். அப்பா, நாளைக்கு ஜெயிச்சா ஊர் ஊராப் போயி ஷோ பண்ணக் கையெழுத்து போடுவாங்க. ரூம் சிரிக்கலைன்னா எனக்கு இது வராதுன்னு நானே ஒத்துக்கிறேன், திங்கக்கிழமை மாமா கடையில போயி உக்காந்துர்றேன், அதுக்கப்புறம் வாயவே திறக்க மாட்டேன்னான். அவன் வாயாலயே சொன்னான், நான் கேக்கல. அப்புறம் ஒண்ணு கேட்டான். மத்தவங்களுக்கெல்லாம் கை தூக்குற மாதிரி எனக்குத் தூக்க வேணாம்பா, அவங்க சிரிக்கிறப்ப சிரிக்கட்டும். நீங்க மட்டும் ஒரு தடவை என்னைப் பாத்துச் சிரிங்க, அத நான் மேடையில இருந்து பாத்தாப் போதும்னு சொன்னான். போடா, தைரியமாப் போ, அப்பா இருக்கேன்லன்னு முதுகுல தட்டிக் குடுத்தேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடவே இல்ல.

திங்கக்கிழமை நான்தான் அவனக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போறேன். கோவமே இருக்காது பாருங்க, அவனுக்கு என் மேல. ரூம் சிரிக்கல, அப்பா என்ன செய்வாருன்னு நினைச்சுக்குவான்.

லைட்டு வந்துருச்சு. கைய மடியில வையுங்க. அதோ வர்றான், நீலச் சட்டை. வீட்டுக்காரி தேய்ச்சுக் குடுத்தது. நம்ம வரிசையத் தேடுறான் பாருங்க... பாத்துட்டான். எப்படிச் சிரிக்கிறான் பாருங்க, எவ்வளவு நம்பிக்கை.

இன்னொண்ணு சொல்லிர்றேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க. முதல்ல அப்பாவோட சிரிப்பப் பத்தித்தான் பேசுவான். விடியக்காலையில கதவச் சாத்திக்கிட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தான், நான் வெளிய நின்னு கேட்டேன். துண்ட வாயில வெச்சு அடைச்சுக்கிட்டுத்தான் நிக்க முடிஞ்சுது. அதனால இப்பவே நாக்கக் கடிச்சுக்கோங்க. நல்லா, வலிக்கிற மாதிரி. நானும் கடிச்சுக்கிட்டேன்.