பார்த்ததற்கான குறி

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நான் கைபேசியைத் தொடுவேன். எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். நான் அட்மினாக இருந்த, வீட்டுப் பராமரிப்பு பற்றிய கைபேசிக் குழுவில் அது எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் குழாய் ஒழுகினால்கூடப் படம் பிடித்துப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் கூட்டம்.

விதிகளை எழுதியவன் நான். ஒரு அட்மினின் முடிவு பிடிக்கவில்லை என்றால் முதலில் அவருக்கே அறிவிக்க வேண்டும். அவர் பார்த்ததற்கான குறி விழும்வரை மற்ற அட்மின்கள் அதில் கை வைக்கக் கூடாது. புகார் சொன்னவரும் அதுவரை குழுவில் எழுத முடியாது. உறுப்பினர்கள் தனியே பேசிக்கொள்வதை நான் முன்பே முடக்கியிருந்தேன்.

ஒரு பெண் கேட்டாள். குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது, மேலே உள்ள ஓட்டை வழியாகக் குளிர்காற்று வருகிறது, மகள் நடுங்குகிறாள், துணி வைத்து அடைக்கலாமா என்று. அடைக்கலாம் என்றேன். நன்றி அண்ணா என்று எழுதினாள்.

உடனே 'ஒட்டடைக்குச்சி' என்ற பெயரில் உலவும் ஒருவன் மூக்கை நுழைத்தான். முட்டாள்தனமான பதில், அடைத்தால் விஷவாயு தேங்கும், தன் தம்பி அப்படித்தான் போனான் என்றான். செத்த தம்பியைக் காட்டி அனுதாபம் தேடுவது இவர்களுக்குக் கைவந்த கலை. மட்டு மரியாதை இல்லாமல் பேசியதற்காக அதை நீக்கினேன். நீக்கிய கையோடு தேடியும் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஆனால் நான் பதிலைத் திருத்தியிருந்தால் அவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பான்.

அவன் எனக்கு அறிவிப்பு அனுப்பினான். பூட்டிய திரையிலேயே முழுவதும் படித்துவிட்டேன்.

"என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. அந்தம்மாகிட்ட மட்டும் அடைக்க வேணாம்னு சொல்லிடுங்க."

கெஞ்சும்போதுகூட எனக்கு உத்தரவு போடுகிறான். நான் திறக்கவில்லை. திறந்தால்தானே குறி விழும்.

மாலையில் இன்னொரு அட்மின், ஒரு பள்ளி ஆசிரியை, தொலைபேசியில் அழைத்தார்.

"சார், அவர் உங்களுக்கு அனுப்பினேங்கறார். வந்துதா? பதிவைத் திரும்பப் போடட்டுமா?"

"எதுவும் வரல டீச்சர். விதிப்படி அனுப்பச் சொல்லுங்க."

சரி என்று வைத்துவிட்டார். நாலெழுத்து படித்தவர்தான். ஆனால் விதி என்று சொன்னால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார். அன்று அவருக்காகவே அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னேன்.

மறுநாள் அந்தச் சிறுமியைக் குளியலறைக் கதவை உடைத்துத் தூக்கினார்கள். ஒன்பது வயது என்பது விசாரிக்க வந்த நீங்கள் சொல்லித்தான் தெரியும். தாய் குழுவில் எழுதியிருந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணா அடைச்சேன்."

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான். எனக்கும் வருத்தம் உண்டு, குழந்தை அல்லவா. அதற்காகச் சொந்தத் துக்கத்தைக் கொண்டுவந்து கொட்ட அது இடமில்லை. அவள் எழுதியதையும் நீக்கினேன். அதை எதிர்த்து இதுவரை எனக்கு முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை.