இருபதாவது நெகட்டிவ்

எனக்குச் சர்க்கரை உண்டு. ஆகவே சின்னப்பன் வாங்கி வந்த ஜாங்கிரியில் பாதியைத்தான் தின்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், நான் எதையும் மறைக்கிற ஆளில்லை.

தாம்பரத்தில் பதினெட்டு வருடமாகக் கல்லீரல் டாக்டர். ஹெபடைட்டிஸ் பி என்பது வாடகைக்கு வந்து வீட்டையே எழுதித் தரச் சொல்கிற கிருமி. மாத்திரை அதை அடக்கும், விரட்டாது. ஆனால் நூற்றில் ஓரிருவருக்கு ரத்தத்தில் அதன் அடையாளமே ஒருநாள் காணாமல் போகும். அந்த அதிர்ஷ்டசாலி யார் என்று முன்கூட்டியே சொல்ல நான் ஒரு கணக்குப் போட்டேன். இருபது பெயர்களை எழுதி, இரண்டு வருடத்தில், அதாவது இந்த மே மாதத்துக்குள், இவர்களுக்கு அடையாளம் இருக்காது என்று கையெழுத்தும் போட்டேன். கூட இருந்த டாக்டர்கள் கிளி ஜோசியர் என்று கிண்டல் செய்தார்கள்.

பத்தொன்பது பேருக்குப் பலித்தது. பாக்கி, கோவளம் மீன் வியாபாரி சின்னப்பன். டிசம்பரில் அவர் ரத்தத்தில் அடையாளம் இருந்தது, கொஞ்சம்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பத்தொன்பது சோறு பார்த்தவன், இருபதாவது வேகாமலா போகும்? ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று திருத்தி, மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

“நெகட்டிவ்னா பேஜாரா சார்?” மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அட, நல்ல சேதிங்க. கிருமி போயிடுச்சு.”

அழுதுவிட்டார். பதினோரு வருட மாத்திரை அல்லவா. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. நான் மீன் தொடாதவன் என்பதால் மறுநாள் ஜாங்கிரியோடு வந்தார். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

மார்ச்சில் அவர் மனைவி காந்திமதி போன் செய்தார். “கண்ணு மஞ்சளா கீது சார். பழைய மாத்திரை மீதி கீது, குடுக்கட்டா?”

கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மறுபடி மாத்திரை போட்டால் கிருமி போகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும், அவர் என் கணக்கில் வரமாட்டார், இருபது பத்தொன்பதாகிவிடும். “வேணாம்மா, வெயில் காலம், மோர் குடுங்க” என்றேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் பொறுமையாகத்தான் வேண்டாம் என்றேன். நோயாளி வீட்டாரிடம் எரிந்து விழுகிற பழக்கம் எனக்கில்லை.

ஏப்ரல் கடைசியில் சின்னப்பன் போய்ச் சேர்ந்தார். கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ் என்றார்களாம். கிளினிக்கில் இருந்த நகலை நான் கிழித்துவிட்டேன். லேமினேட் செய்த காகிதம் கிழியாது. காந்திமதி அதை மாதா படத்துக்குக் கீழிருந்து கழற்றி உங்களிடம் கொண்டுவந்துவிட்டார்.

திருத்தியது நான்தான். தெரிந்தே மாத்திரையைத் தடுத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று சார். மே மாதத்துக்குள் அவர் உடம்பில் கிருமியின் அடையாளம் இருக்காது என்று எழுதினேன். மே மாதத்தில் அவருக்கு உடம்பே இல்லை. என் கணக்கு எங்கே தப்பியது, சொல்லுங்கள்.