செந்தாமரை அக்காவும் என் ஞாயித்துக்கெழமையும்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, பஜ்ஜியில நூலு கட்டுவாங்களா யாராச்சும்? ஆடாதீங்க சார், இந்த டெஸ்ட் கண்ணாடி மூக்கு மேல ஒழுங்கா ஒக்காரட்டும்... ஆங். வாழக்கா பஜ்ஜி சார். டீ டைமு. எங்கூட வேல பாக்கற செந்தாமரை அக்கா பாசமா நீட்டுறாங்களேன்னு ஒரு கடி கடிச்சேன். கடிச்சதும் பஜ்ஜி பாட்டுக்கு வாய உட்டு வெளிய போவுது. இன்னாடான்னு பாத்தா தையல் நூலு. அந்தப் பக்கம் அக்கா நூல சுத்திக்கினு இருக்காங்க. ஒரு போட்டோ எடுத்தாங்க. என் தாடைய புடிச்சி இப்பிடி திருப்பி இன்னொரு போட்டோ. அப்பறம் முதுகுல தட்டி, "போடா, பொழைச்சிப் போ"ன்னு உட்டுட்டாங்க. அந்த போட்டோ எங்க கடை வாட்சப் குரூப்புல இப்பவும் கெடக்கு சார். ஓனரு அதுக்கு சிரிக்கிற பொம்மை போட்டாரு.

எதுக்குன்றீங்களா? நான் தூண்டி போடறேன்ல, அதுக்கு.

சரி, எதுக்க அந்த போர்ட பாருங்க. நாலாவது வரி... ம்... ம்... அது "ப" இல்ல சார். பரவால்ல, வேற லென்ஸ் போடறேன். இது நல்லாருக்கா, மொதல்ல போட்டது நல்லாருந்துச்சா? அவசரமில்ல, யோசிச்சி சொல்லுங்க.

எனக்கு இது உசுரு சார். தூண்டின்னா மூங்கி குச்சியில நூல கட்டிக்கினு கரையில தூங்கறது இல்ல. ராடு, ரீலு, ரப்பர் தவளை. அந்தத் தவளைய விரால் மீனு இருக்கற எடத்துல, தாமரை எலைங்களுக்கு நடுவுல தூக்கிப் போட்டு, மெதுவா... டுபுக்கு, டுபுக்குன்னு இழுக்கணும். தண்ணி அமைதியா இருக்கும். திடீர்னு ஒண்ணு வந்து அடிக்கும் பாருங்க, ராடே வில்லா வளைஞ்சிடும். இழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, பத்திரமா தண்ணியிலயே உட்டுடுவேன். சாவடிக்கறதே கெடையாது. ஒரு உசுருக்கு நான் கெடுதல் நெனைக்காதவன் சார்.

அங்கதான் அந்த அக்காவுக்கு கோவம்.

நான் இன்னா நெனச்சேன்னா, தண்ணியில உட்டுடறேன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். அவங்களுக்கு ஊரு மரக்காணம் பக்கத்துல ஒரு குப்பம். அவங்கப்பா ராஜாங்கம், இன்னிக்கும் கடலுக்குப் போறாரு. அக்கா மூணு வேளையும் மீன குடுத்தாலும் சாப்பிடுவாங்க. அவங்க வந்து எனக்கு பாவ புண்ணியம் சொல்றாங்க சார். "டேய் இனியா, வயித்துக்கு புடிக்கறது வேறடா. நீ அதோட வாயில ஓட்டையப் போட்டு, மூச்சுத் திணற வெச்சி, போட்டோ எடுத்துக்கினு திரும்ப தண்ணியில தூக்கிப் போடற. அது உன்னாண்ட வந்து வெளாட கேட்டுச்சா? எங்கப்பா இத்தினி வருஷமா கடலுக்குப் போறாரு, ஒருநாளு ஒரு மீனாண்ட செல்பி எடுத்திருப்பாரா?"

நான் சொன்னேன், அக்கா, உங்கப்பா வலை போட்டா கூட்டத்தோட சாவுது, நான் புடிச்சா ஒண்ணு கூட சாவறதில்ல, கணக்குப் பாத்தா நான்தான நல்லவன்னு. அதோட மூணு நாளு எங்கூட பேசல சார். கஸ்டமர் வந்தா, "அந்தத் தம்பியாண்ட கண்ணாடிய குடுக்காதீங்க, பாத்துட்டு தண்ணியில உட்டுடுவான்"னுவாங்க.

இப்ப பாருங்க... இது? கொஞ்சம் தெளிவா? ம்ம். இன்னொரு கண்ண மூடறேன்.

அதுங்கூட பொறுத்துக்குவேன் சார். பேஜாரே ஞாயித்துக்கெழமதான். எங்க கடைக்கு ஞாயித்துக்கெழமையும் லீவு கெடையாது. ஓனரு விழுப்புரம் கடையில ஒக்காந்துக்குவாரு. திண்டிவனம் கடையில நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்கணும், நீங்களே பேசிக்குங்கன்னுட்டாரு. அக்கா நல்லவங்கதான் சார், பொய் சொல்லக்கூடாது. கோயிலுக்குன்னு கேட்டா சரிம்பாங்க. எங்க சித்தி பொண்ணு அஸ்வினி கல்யாணத்துக்கு, எனக்கு ஒரு வாரமே கடைய பாத்துக்கினாங்க. ஆனா வீடூர் டேமுக்கு மீன் புடிக்கப் போறேன்னா மட்டும், "நீ ஒரு உசுர குத்தி வெளாட, நான் இங்க காவலா? அந்த பாவத்துல எனக்கு எதுக்குடா பாதி"ன்றாங்க.

வர்ற ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரிலேருந்து எங்க தூண்டி குரூப்பே வருது சார். நான்தான் கூப்பிட்டேன். விரால் இருக்கற எடம் எனக்கு மட்டும்தான் தெரியும்னு ஆறு மாசமா அளந்துக்கினு இருக்கேன். அவங்க வந்து நிக்க, நான் இங்க கண்ணாடி தொடச்சிக்கினு இருந்தா என் மானம் இன்னா ஆவறது? அந்த குரூப்புல நான் அட்மின் சார்.

கெஞ்சிப் பாத்தேன். கடைசில போன வாரம் அக்கா ஒரு டீலு போட்டாங்க. "சரிடா. இந்த வாரம் உன் மொறை கெடையாது, நானே இருக்கேன், நீ போ. போய் புடி. ஆனா புடிச்சத கொண்டா. நான் கொழம்பு வெச்சித் தர்றேன். நீ சாப்பிடு. நீ சாப்ட்டினா அது வெளாட்டு இல்ல, சாப்பாடு. அப்பறம் நீ எந்த ஞாயித்துக்கெழம கேட்டாலும் கடைய நான் பாத்துக்கறேன்."

நியாயமான டீலுதான? யாரு வேணா ஒத்துக்குவாங்க. ஆனா சார்... நான் மீன் சாப்பிட மாட்டேன்.

சிரிக்காதீங்க, லென்ஸ் ஆடுது.

பச்ச மீனு ஒண்ணும் பண்ணாது சார். அது உசுரோட இருக்கு, பளபளன்னு இருக்கு, நான் முத்தமே குடுப்பேன். கொழம்பாயிட்டாதான் என்னால ஆவாது. அந்த வாசனை வந்தாலே மூக்க பொத்திக்குவேன். எங்க வீட்ல மீன் வாங்கற அன்னிக்கு, நான் வறுத்த மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, எடுத்துக்கினு மாடிக்குப் போயிடுவேன், எங்கம்மா சட்டிய கழுவி கவுத்தற வரைக்கும் எறங்க மாட்டேன்.

சரி, அதப் பாத்துக்கலாம், மொதல்ல புடிப்போம்னு போனேன். டேம்ல சூப்பரா ஒரு விரால் அடிச்சிச்சி சார். இந்த நீளம். இல்ல சார், மெய்யாலுமே இந்த நீளம். இழுத்தேன், போட்டோ எடுத்தேன், முத்தம் குடுத்தேன், கை பழக்கம் பாருங்க, நான் பாட்டுக்கு தண்ணியில உட்டுட்டேன். அது வால ஆட்டிக்கினு போவுது, அப்பதான் எனக்கு டீலே ஞாபகம் வருது. ஏய், நில்லுன்றேன். நிக்குமா? அதுக்கப்பறம் சாயந்தரம் வரைக்கும் ஒண்ணு கடிக்கல. அந்த விரால் போய் மத்ததுங்களாண்ட சொல்லிடுச்சோ இன்னாவோ.

வெறுங்கையோட போனா ஞாயித்துக்கெழம போச்சு. அதனால... வெளிய சொல்லிடாதீங்க சார்... திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் விக்கிற அம்மாவாண்ட, "நான் புடிச்சா மாதிரி அழகா ஒண்ணு குடுங்க"ன்னேன். அவங்க என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. சேப்பா, கண்ணு பெருசா, ரோஸ் பவுடர் போட்ட மாதிரி. வெட்டாதீங்க, முழுசா குடுங்கன்னேன். வீட்டுக்கு வந்து அதோட ஒதட்டுல தூண்டி முள்ள குத்தி ஒரு ஓட்டையும் போட்டேன் சார். ஒரிஜினலா இருக்கட்டுமேன்னு. எவ்ளோ யோசிச்சிருக்கேன் பாருங்க.

திங்கக்கெழம காலையில அக்காவாண்ட குடுத்தேன். வீடூர் டேம்ல புடிச்சேன்கா, அரை மணி நேரம் போராடுச்சுன்னேன். அக்கா வாங்கி பாத்தாங்க. வாய பாத்தாங்க. என் மூஞ்ச பாத்தாங்க. "டேம்லயா?"ன்னாங்க. டேம்லதான்கான்னேன். "நல்ல டேமு"ன்னு சொல்லி சிரிச்சிக்கினே பையில போட்டுக்கினாங்க. நம்பிட்டாங்க சார்.

இப்ப பிரச்சனை இன்னான்னா, அங்க டேபிள் மேல தெரியுதா ஒரு டிபன் பாக்ஸ்? தெரியுதா? சூப்பர், தூரத்துப் பார்வை நல்லாருக்கு உங்களுக்கு. அதான் அந்த மீனு. அக்கா தையக்காரராண்ட ஜாக்கெட் வாங்கப் போயிருக்காங்க. "நான் திரும்பி வர்றதுக்குள்ள பாக்ஸ் காலியா இருக்கணும், முள்ளு மூடியில இருக்கணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. கொட்டிடலாம்னுதான் பாத்தேன். முள்ளுக்கு எங்க போறது? யாராச்சும் தின்னாதான சார் முள்ளு தனியா வரும். பூனைக்குப் போட்டா அது முள்ளயும் சேத்து தின்னுடும். நான் இந்த மாதிரி தவிச்சிக்கினு இருக்கும்போதுதான், கரெக்டா நீங்க உள்ள வர்றீங்க, கிட்டத்துல இருக்கறது தெரியலப்பான்னு.

சார்... நீங்க சாப்டீங்களா?

இல்ல, சும்மா கேட்டேன். ஒலக்கூர்லேருந்து வெயில்ல வந்திருக்கீங்க. மணி ஒண்ணரை ஆவப்போவுது. பசியோட பாத்தா பவரு தப்பா காட்டும் சார். மெய்யாலுமேதான். மீன் சாப்பிடுவீங்க இல்ல? மாலை கீலை ஒண்ணும் போடலையே? அப்பறம் இன்னா சார். கூச்சப்படாதீங்க. நீங்க தொறங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். வாசனைக்கு.

கண்ணாடிய கழட்ட வாணாம், அதோடவே சாப்பிடுங்க. கிட்டத்துப் பார்வைக்கு இந்த லென்ஸுதான் போட்டிருக்கேன். முள்ளு தெளிவா தெரியுதா? சின்ன முள்ளு? அதுவுமா? பாருங்க சார், போர்ட விட இது கரெக்டா சொல்லுது. இதான் உங்க பவரு, எழுதிக்கறேன்.

முள்ள மூடியில வையுங்க. கொஞ்சம் ஜல்தியா சார். தலையையும் உட்டுடாதீங்க, பாக்ஸ் காலியாவணும்.

இன்னா சார்?

சங்கராவா? பேரா அது? நல்ல பேரு.

...கடல் மீனா?

இல்ல சார், டேம்ல கூட ஒண்ணு ரெண்டு... வராதா? உப்புத் தண்ணி மீனா? சுத்தமா வராதா? மழை கிழை பேஞ்சி, ஆறு வழியா, அப்பிடி இப்பிடி...

ஐயோ.

அப்ப அக்காவுக்கு நேத்தே தெரியும். மரக்காணத்து பொண்ணாண்ட போயி சங்கராவ நீட்டி டேம்ல புடிச்சேன்னு சொல்லியிருக்கேன். அரை மணி நேரம் போராடுச்சுன்னு வேற சொன்னேனே சார். "நல்ல டேமு"ன்னாங்க. அதான் சிரிச்சாங்க. ஒதட்டு ஓட்டைய வேற உத்து உத்து பாத்தாங்க.

ஆனாலும் இருங்க... தெரிஞ்சும் கொழம்பு வெச்சி கொண்டாந்திருக்காங்கன்னா, அப்ப டீலு இன்னும் இருக்குதுன்னுதான அர்த்தம்? எந்த மீனா இருந்தா இன்னா, நான் சாப்ட்டா போதும்னுதான சார்? நான் சாப்ட்டதாத்தான் ஆயிடுச்சு. முள்ளு இருக்கு, பாக்ஸ் காலி. வாய தொடச்சிக்குங்க சார், மீசையில சேப்பா இருக்கு. ஜல்தி, ஜல்தி, செருப்பு சத்தம் கேக்குது. பாக்ஸ இப்பிடி என் பக்கம் தள்ளுங்க.

வாங்கக்கா. ஜாக்கெட் குடுத்துட்டாரா?

ம், முடிச்சிட்டேன்கா. இதோ முள்ளு. தலையும் முடிச்சாச்சு.

நல்லாருந்துச்சுக்கா. மெய்யாலுமே. வாசனை கூட ஒண்ணும் பண்ணல. புளி கரெக்டா இருந்துச்சு. கொழம்புன்னாலே புளிதானக்கா.

இன்னா சார்?

சார், உங்கள யாரு இப்ப கேட்டாங்க... இல்லக்கா, அவரு பாட்டுக்கு ஏதோ சொல்றாரு... மாங்காவா... ஓ, புளியே போடலையா? மாங்காதானா? இல்லக்கா, சாருக்கு எப்பிடித் தெரியும்னா... அது... சார், மாங்கா சூப்பரும்மான்னு நீங்க ஏன் சார் வாய தொறந்தீங்க? இவ்ளோ நேரம் நான் பேசினேன், ஒரு வார்த்த பேசல நீங்க.

சிரிங்கக்கா. சிரிங்க. ரெண்டு பேரும் சிரிங்க. போட்டோ வாணாம்கா... சரி, எடுத்துக்குங்க.

இல்லக்கா, புரியுது. ம். தெரியுதுக்கா. தூண்டி குரூப்புல நானே சொல்லிடறேன்.

சார், கண்ணாடிய கழட்டிக் குடுங்க. ஃபிரேமு அக்காவே காட்டுவாங்க. லென்ஸ் விழுப்புரத்துல கட் பண்ணி வரணும், ஞாயித்துக்கெழம காலையில வந்து வாங்கிக்குங்க.

தொறந்துதான் சார் இருக்கும். நான்தான் இருப்பேன்.