கேட்டுவிட்டுப் போகவும்

சனிக்கிழமை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு காய்ந்த பீன்ஸ் கொட்டை வேகும். காலையில் பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால் சாயங்காலம்தான் இறக்குவது. நடுநடுவே மூடியைத் திறந்து, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் சனிக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதியும் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன், ஆபீசர்.

வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்கிற விதத்தில் சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும் என்று நினைக்கிறேன்.

பெயர் ஆல்டன் விட்கோம். வயது எழுபத்தொன்று. நெடுஞ்சாலையிலிருந்து மஸ்க்ராட் ஏரி வரைக்கும் நாலு மைல் சரளைச் சாலை இருக்கிறதே, அது முழுக்க என் காட்டுக்குள் போகிறது. காகிதக் கம்பெனிக்காரர்கள் விற்றுவிட்டுப் போனபோது காட்டையும் சாலையையும் சேர்த்துத்தான் வாங்கினேன். கம்பெனி இருந்தவரை நெடுஞ்சாலை முனையில் ஒரு காவல் கூண்டு இருந்தது. மீன் பிடிக்கப் போகிறவன், மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவன், எவனாக இருந்தாலும் கூண்டில் நின்று, பெயர் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போவான். நான் வாங்கியதும் கூண்டைக் கழற்றிவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஊரே பெயர் சொல்லாமல் போக ஆரம்பித்தது.

நான் கஞ்சன் இல்லை. யார் போவதையும் நான் தடுக்க நினைத்ததில்லை. முதல் வருஷம் கூண்டு இருந்த முனையிலேயே ஒரு கேட் போட்டுச் சங்கிலி மாட்டினேன். டிராக்டர் வைத்துப் பிடுங்கி ஏரியில் தள்ளிவிட்டார்கள். சரி என்று கான்கிரீட் நிரப்பிய தூண்கள் நட்டு, இரும்புக் குழாயில் இன்னொரு கேட் போட்டேன். ஆனால் பூட்டவில்லை. திறந்தே வைத்து, பக்கத்தில் ஒரு பலகை மட்டும் அடித்தேன். 'தனியார் சாலை. கேட்டுவிட்டுப் போகவும்.' என் சமையலறை ஜன்னல் கேட்டிலிருந்து நாற்பதடிதான். வண்டியை நிறுத்தி, ஜன்னலைத் தட்டி, "போகலாமா?" என்றால் போதும். நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். காபிகூடக் கொடுத்திருப்பேன். இருபது வருஷத்தில் ஒருவர்கூடத் தட்டவில்லை.

ஒனெசிம் வயலெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் வேட்டைக்காரர்கள் தங்குகிற மரவீடுகள் ஆறேழு வைத்து நடத்திக்கொண்டிருந்தான். பெரிய குரல், பெரிய கைகள். அவன் மனைவி ஜெர்மெய்ன் மரியாதை தெரிந்தவள். என்னை எப்போதும் மிஸ்டர் விட்கோம் என்றுதான் கூப்பிடுவாள். அவன் அப்படியில்லை.

என் பலகை மாதத்துக்கு ஒருமுறை காணாமல் போகும். நான் புதிதாக எழுதி அடிப்பேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்தான்.

"யோவ் கேட்டுக்காரரே, உன் பலகை எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. நீதான் சொல்லணும்."

"எங்க வீட்டு கக்கூஸ் கதவுல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு தெரியாம திறந்துடறாங்கல்ல. இப்பல்லாம் எல்லாரும் கேட்டுட்டுத்தான் போறாங்க, உன் புண்ணியத்துல."

கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்காக எனக்கு அவன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பவம் நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

போன வசந்த காலத்தில் ஊர்க்காரர்கள் ஒரு மனு எழுதினார்கள். சாலை பொதுச் சாலை என்று அறிவிக்க வேண்டுமாம். முதல் கையெழுத்து ஒனெசிம் வயலெட். நான் என் வக்கீலிடம் போனேன். அவர் சொன்னது இதுதான்: இருபது வருஷம் ஊர் பார்க்க, யாரையும் கேட்காமல், தங்கள் உரிமை மாதிரி ஒரு சாலையில் ஜனங்கள் போய்வந்தால், அது அவர்களுடையதாகிவிடும். கேட்டுக்கொண்டு போனால் எத்தனை வருஷமானாலும் ஆகாது.

"நான்தான் பலகை வச்சிருக்கேனே?" என்றேன்.

"பலகையத்தான் அவங்க கழட்டிடறாங்களே. அது செல்லும், செல்லாதுன்னு ரெண்டு பக்கமும் பேசலாம். அந்த வயலெட்டே ஒருதடவை வாயத் திறந்து கேட்டிருந்தான்னா அவனப் பொறுத்தவரைக்கும் பேச்சே கிடையாது."

ஒருதடவை. ஒரு வார்த்தை. சாலையை நான் வாங்கி இருபது வருஷம் நவம்பர் இரண்டாம் தேதியோடு முடிய இருந்தது. அக்டோபரில் கடைக்குப் போய்ப் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

இப்போது பத்தொன்பதாம் தேதி.

ஏரிப் பக்கம் செல்போன் எடுக்காது. அங்கே எல்லோரும் ரேடியோதான் வைத்திருப்பார்கள். என் சமையலறையிலும் ஒன்று உண்டு. மதியம் இரண்டு ஐந்துக்கு ஜெர்மெய்னின் குரல் வந்தது. யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா என்று. அந்த வாரம் வேட்டைக்காரர்கள் எல்லோரும் காட்டுக்குள் இருந்தார்கள். பதில் சொன்னது நான் ஒருவன்தான்.

"ஆல்டன் பேசறேன். சொல்லு ஜெர்மெய்ன்."

"அவர் விறகுக் கட்டைமேல சாஞ்சுட்டாரு. ஒரு கை வரமாட்டேங்குது. வாய் ஒருபக்கமா..."

"வண்டியில ஏத்திக்கிட்டு வந்துடு. ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன். கேட்ல நிக்கறேன்."

"நல்லா இருப்பீங்க," என்றாள்.

நான் சொன்னபடி கேட்டில் நின்றேன். இரண்டு இருபத்தைந்துக்கு வண்டி வந்தது. பழைய பிக்கப். அவனைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, போர்வையால் சுற்றி, பெல்ட் மாட்டியிருந்தாள். தனியாக எப்படித் தூக்கினாள் என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் இறங்கி ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆல்டன், திற. சீக்கிரம் திற."

பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"திறக்கத்தானே நிக்கறேன். ஒனெசிம் ஒரு வார்த்தை கேக்கட்டும்."

"என்ன கேக்கணும்?"

"போகலாமான்னு."

நான் தமாஷ் செய்கிறேன் என்று ஒரு நொடி நினைத்தாள் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.

"நான் கேக்கறேன். போகலாமா? உன் கால்ல வேணா விழறேன். போகலாமா ஆல்டன்?"

"நீ கேட்டு என்ன பிரயோஜனம்? மனுவுல முதல் கையெழுத்து உன்னுதா? அவனுது. அவன் கேக்கட்டும்."

"அவரால பேச முடியலயே. கண்ணு தெரியலயா உனக்கு?"

"கடையிலல்லாம் நல்லாப் பேசுவானே."

இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் வண்டியைப் பின்னால் எடுத்து ஒருமுறை கேட்டில் மோதினாள். விளக்கு உடைந்தது. கேட் அசையவில்லை. தூண்களை நான் நன்றாகத்தான் நட்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஓடைப் பள்ளம், சுற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. பிறகு ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் குழாய்க்கு அடியில் குனிந்து நுழைந்து வந்து, என் சட்டைப் பைக்குள் சாவியைத் தேடினாள். என் கன்னத்தில் நகம் பட்டது. நான் திருப்பி அடிக்கவில்லை. ஒரு பெண்மேல் நான் கை ஓங்கியதே கிடையாது. கையை மட்டும் பிடித்து விலக்கினேன்.

நான் அந்தப் பக்கம் போய், வண்டிக் கதவைத் திறந்து, ஒனெசிமிடம் குனிந்து பொறுமையாகச் சொன்னேன்.

"ஒரே வார்த்தைதான்டா. இருபது வருஷமா நான் கேக்கறதும் அதுதான். கேளு, திறந்துடறேன்."

அவன் என்னைப் பார்த்தான். வலது கண் என்மேல் இருந்தது, இடது கண் எங்கேயோ இருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. போர்வை நுனியால் துடைத்துவிட்டேன். தலையை ஆட்டினான். முடியாது என்கிறானா, முடியவில்லை என்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பிடிவாதக்காரன் என்பது ஊருக்கே தெரியும்.

நடுவில் ஒருமுறை வீட்டுக்குள் போனேன். பீன்ஸில் தண்ணீர் வற்றியிருந்தது. அரை கிண்ணம் ஊற்றி, கிளறிவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷம்தான். கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்ததால் ஜெர்மெய்னால் போன் பக்கம் வர முடியவில்லை. ஜன்னலைத் தட்டினாள். கடைசியில் என் ஜன்னலைத் தட்ட ஒருத்தி வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று எட்டுக்கு ஒனெசிம் வாயைத் திறந்தான். ஒரு சத்தம் வந்தது. ஜெர்மெய்ன் உங்களிடம் அது வெறும் முனகல் என்று சொல்லியிருப்பாள். பக்கத்தில் இருந்தவன் நான். எனக்கு அது வார்த்தையாகத்தான் கேட்டது. உடனே திறந்துவிட்டேன், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். 'மாலை 3.08. ஒனெசிம் வயலெட் அனுமதி கேட்டார். கொடுக்கப்பட்டது.' அந்த நோட்டுதான் உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

டவுன் ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு மைல். வழியில் ஆம்புலன்ஸ் எதுவும் எதிரே வரவில்லை என்று அவள் சொன்னாளா? உண்மைதான். நான் கூப்பிடவில்லை. அவன் ஆறு நாள் கழித்து இறந்தான். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழைப் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆமாம், இருபத்திரண்டு வருஷம் ஊர்த் தன்னார்வ ஆம்புலன்சில் இருந்தேன். பக்கவாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர் மண்டபத்தில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். சிரிக்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். பார்க்கப்போனால் நான் அவனைப் பேசச் சொன்னதும் அந்தச் சோதனைதான்.

அடுத்தது பூட்டைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் அவள் கூப்பிட்டபோது கேட் திறந்துதான் இருந்தது. இருபது வருஷமாக அப்படித்தான் இருந்தது. நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவர்கள் இரண்டு இருபத்தைந்துக்கே நெடுஞ்சாலையில் ஏறியிருப்பார்கள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, ரேடியோவை வைத்துவிட்டு, பூட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைச் சாத்தினேன். யோசிக்கவெல்லாம் இல்லை. அடுப்பைக்கூட நிதானமாகக் குறைத்துவிட்டுத்தான் போனேன்.

வக்கீலிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்.

"மிஸ்டர் விட்கோம், ஒருத்தன் கேட்டா அது அந்த ஒருத்தனோட போச்சு. ஊர் கேக்கலையே. ஊரோட இருபது வருஷம் அப்படியேதான் இருக்கு. இதுக்காகவா...?"

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தது அவர் இல்லை என்று சொல்கிறீர்கள். நம்புகிறேன்.

நவம்பர் நாலாம் தேதி அவனை ஏரிக்கரையில் அவர்கள் இடத்திலேயே புதைத்தார்கள். நான் காலையிலேயே கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். கேட்டை நன்றாகத் திறந்துவைத்தேன். சவ வண்டி முதலில் வந்தது, பின்னாலேயே ஊர் முழுக்க. கடைக்காரப் பெண்கூட வந்தாள். ஒரு வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஜெர்மெய்னின் பிக்கப் மட்டும் நின்றது. விளக்கை இன்னும் மாற்றவில்லை. கண்ணாடியை இறக்கினாள். கேட்கப்போகிறாள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினேன்.

"ஓரமா நில்லுங்க, மிஸ்டர் விட்கோம். வழியில நிக்கறீங்க."

ஓரமாக நகர்ந்து நின்றேன். போகலாம் என்று சொல்லிக் கையைக் காட்டினேன். அவளுக்கு மட்டுமில்லை, ஆபீசர். அறுபத்து மூன்று வண்டிகள் போயின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையைக் காட்டினேன், தனித்தனியாகச் சொன்னேன். அன்று என் அனுமதி இல்லாமல் அந்தச் சாலையில் ஒருவரும் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.