இரண்டில் ஒன்று

அருள்புரம் பேருந்தில் எனக்கு முன்னால் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“என்ற புள்ளைக்கு ரெண்டுல ஒண்ணுதான் இருக்கோணுமாமுங்க அக்கா” என்றாள் இளையவள். “ஒரு டாக்டர் ஆட்டிசம்ங்கறார். இன்னொருத்தர் கவனக் குறைபாடு, அதான் ஓடிட்டே இருக்கறாங்கறார். ரெண்டு பேருமே சீட்டுல ரெண்டையும் சேர்த்து எழுத மாட்டேங்கறாங்க.”

“உனக்கென்ன தோணுது கண்ணு?” என்று மூத்தவள் கேட்டாள்.

“வேஸ்ட் துணியை நிறம் நிறமா அடுக்குவா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. அடுக்கி முடிக்கறதுக்குள்ள ரோட்டுக்கு ஓடிருவா.”

“நாளைக்கு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கப் போறப்ப அந்த ஓட்டத்தைச் சொல்லாத. சேர்த்துக்க மாட்டாங்க.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

“சொல்லித்தானுங்க அக்கா ஆகோணும். ஓடற புள்ளையை ஊட்டுல உட்டுட்டு, அடுக்கற புள்ளையை மட்டும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?”